சொகுசுக் கப்பலும் பெரிய வாய்க்காலும்

கப்பலில் சூதாட்டம் உண்டா, இல்லையா?

புதுச்சேரிக்கு சொகுசுக் கப்பல் வருவது பற்றி நடந்த பேச்செல்லாம் இந்த ஒரு கேள்வியையே சுற்றிச் சுற்றி வந்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து பயணத்தைத் தொடங்கிய கார்டிலியா 'எம்ப்ரஸ்' கப்பலுக்கு இங்கே அனுமதி கிடைக்கவில்லை. கேசினோ, மது, கலாச்சாரச் சீரழிவு என்று எதிர்ப்பு. மூன்று வருஷம் கழித்து, 2025 ஜூலை 4-ம் தேதி அதே கப்பல் வந்தேவிட்டது. கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்க, பயணிகள் சின்னப் படகுகளில் உப்பளம் துறைமுகத்துக்கு வந்து, பஸ் ஏறி, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அப்போதும் அதே எதிர்ப்பு, அதே பதில்.

சூதாட்டம் பற்றிக் கேட்பதில் தப்பே இல்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் ஊருக்கு உண்மையிலேயே முக்கியமான வேறொரு கேள்வி இந்தச் சத்தத்தில் அமுங்கிப் போனது. அந்த ஒரு பகலில் பயணிகள் பார்க்கிற புதுச்சேரி எது?

கப்பல் சுற்றுலாவின் கணக்கு உலகம் முழுக்க ஒன்றுதான். காலையில் இறக்கிவிடு, சாயங்காலம் ஏற்றிக்கொள். படுக்கை, சாப்பாடு, ஆட்டம் பாட்டம் எல்லாம் கப்பலிலேயே, முன்பே காசு கட்டியாகிவிட்டது. ஊருக்குக் கிடைப்பது சில மணி நேரமும் கொஞ்சம் சில்லறையும்தான். இந்தச் சில மணி நேரத்தில் எதைக் காட்டுவார்கள்? கடற்கரைச் சாலை, காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் உள்ள நாலைந்து வீதி, மணக்குள விநாயகர், அப்புறம் சிவப்புத் தொப்பி போலீஸோடு ஒரு போட்டோ. அவ்வளவுதான் புதுச்சேரி!

இதெல்லாம் பெரும்பாலும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருப்பவை. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை அந்த வாய்க்காலால் இரண்டாகப் பிரித்தார்கள். கிழக்கே கடலை ஒட்டி வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம். அவர்கள் அதற்கு வைத்த பெயர் கறுப்பர் நகரம். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கை மாறியது, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான மாற்றமும் முடிந்தது. ஆனால் சுற்றுலாப் பயணிக்கு மட்டும் ஊர் இன்னும் வாய்க்காலோடு முடிந்துவிடுகிறது.. அவர்கள் போட்ட கோட்டை நாமே இன்னும் காவல் காத்துக்கொண்டு இருக்கிறோம்.

இத்தனைக்கும் கப்பலில் வந்து படகில் கரை இறங்குவது இந்த ஊருக்குப் புதுசு இல்லை. அன்றைய பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி வந்து நிற்க இங்கே இடம் இருந்ததே இல்லை. சரக்கையும் மனிதர்களையும் சலங்கு என்ற தோணிகளில்தான் அலையைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். துடுப்புப் போட்டவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள். 1860-களில் கட்டிய இரும்புப் பாலத்தை 1952 புயல் கொண்டுபோனது. பின்னால் கட்டிய பாலத்திலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. எவ்வளவு பெரிய கப்பலாக இருந்தாலும் கடைசித் தூரத்துக்கு ஒரு சின்னப் படகு வேண்டும், அதை ஓட்ட உள்ளூர்க்காரர் வேண்டும் என்பதுதான் இந்தத் துறைமுகத்தின் சரித்திரமே!

கப்பல் வந்தது, போனது பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையைவிட அக்கறையாக எழுதிவைத்தவர் இருக்க முடியாது. 1736-லிருந்து 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் எந்தக் கப்பல் எப்போது வந்தது, என்ன கொண்டுவந்தது என்பதெல்லாம் இருக்கிறது. அவருடைய மாளிகை ரங்கப்பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட்டை ஒட்டி இருக்கிறது. அதாவது, வாய்க்காலுக்கு மேற்கே. கப்பலில் வருகிறவர்களுக்கு முதலில் காட்டவேண்டிய வீடு அதுதான் இல்லையா?

மேற்கே போனால் இன்னும் என்னென்ன! 1908-ல் அடைக்கலம் தேடி வந்து பத்து வருஷம் தங்கிய பாரதியின் வீடு ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் இருக்கிறது. பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் வீதியில். தெருவோரத் திண்ணையும் மரத்தூணும் உள்ள தமிழ் வீடுகள் பலவற்றில், கீழே தமிழ்க் கட்டு, மாடியில் பிரெஞ்சு பாணி. இரண்டும் கலந்த அந்த வீடு வேறெங்கே பார்க்கக் கிடைக்கும்?

ஊரின் உழைப்பும் அந்தப் பக்கம்தான். 1936 ஜூலை 30-ல் வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாக 1937-ல் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. நிறவெறியில்லாத அழகான 'குட்டி பிரான்ஸ்' என்று வழிகாட்டிகள் கதை சொல்லும்போது இந்தப் 12 பேரையும் சேர்த்துச் சொன்னால்தானே நியாயம்?

இன்னொரு கப்பல் கதையும் உண்டு. 1850-களிலிருந்து சில பத்தாண்டுகள் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கான பேரை ஏற்றிப் போனார்கள். மார்த்தினிக், குவாதலூப், ரீயூனியன், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானா.. மார்த்தினிக்குக்கான முதல் கப்பல் 1853-ல் அங்கே போய் இறங்கியது. குவாதலூப்பில் இன்றைக்கும் மாரியம்மனையும் மதுரை வீரனையும் கும்பிடுகிறார்கள். அவர்கள் போன பயணத்தில் சுற்றிப் பார்க்க ஒரு பகல் கிடையாது, பெரும்பாலானவர்கள் திரும்பி வரவும் இல்லை. சொகுசுக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது அதே கடலில்தான் என்று ஒரு வரி சொன்னால் பயணிகள் வருத்தப்பட மாட்டார்கள். கடலைப் பார்க்கிற பார்வை கொஞ்சம் மாறும்.

"வெயிலில் நாலு மணி நேரம்தான் கையில் இருக்கு, இவ்வளவையும் எங்கே காட்டுவது? வருகிறவர்களுக்கு வேண்டியது அழகான போட்டோ" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கடற்கரைச் சாலையிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம். பிள்ளை வீடு அதன் பக்கத்திலேயே. தூரம் பிரச்சினையே இல்லை, பஸ் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் பிரச்சினை. கிழக்கே நின்றால் காசு காபிக் கடைக்கும் பூட்டிக்குக்கும் போகும். மேற்கே வந்தால் மீன்காரம்மாவுக்கும் பூக்காரருக்கும் கொஞ்சம் வரும். போட்டோவும் அங்கே நன்றாகத்தான் விழும்.

துறைமுகம் என்றாலே வருமானம் என்று துள்ளிக் குதிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் நல்லது. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கருங்கல் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே போகிற மணல் அதில் சிக்கி நின்றுவிட, ஊரின் மணற்கரையே காணாமல் போய்ப் பாறாங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. அரிப்பு வடக்கே இருந்த மீனவக் குப்பங்களையும் தின்றது. சமீப வருஷங்களில் கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டபிறகுதான் காந்தி சிலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. வெனிஸ் நகரம் கப்பல் கூட்டத்தை வருஷக்கணக்கில் வரவேற்றுவிட்டு, 2021 ஆகஸ்டில் பெரிய கப்பல்கள் நகருக்குள் வரும் வழியை மூடியது. கப்பல் வந்தபிறகு யோசிப்பதைவிட வருவதற்கு முன் யோசிப்பது மலிவு.

அதனால் கப்பலே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. வரட்டும். எத்தனை தடவை, எத்தனை பேர் என்று ஊர் முடிவு செய்யட்டும். கரைக்கு அழைத்துவரும் வேலையில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பங்கு கொடுக்கட்டும். தலைக்கு ஒரு சின்னக் கட்டணம் வாங்கி, இடிந்துகொண்டிருக்கும் தமிழ் வீடுகளைப் பழுது பார்க்கட்டும். முக்கியமாக, அந்தச் சில மணி நேரத்தில் பாதியாவது வாய்க்காலுக்கு மேற்கே செலவாகும்படி பயணத் திட்டம் போடட்டும். கேசினோவைக் கப்பலோடு நிறுத்திவைக்க ஒரு உத்தரவு போதும். ஊரில் பாதியை மறைத்து வைத்துக்கொண்டு அதற்குப் பெயர் சுற்றுலா என்று சொல்வதை நிறுத்தத்தான் கொஞ்சம் மனசு வேண்டும்.

1910 ஏப்ரலில் 'துப்ளே' என்ற கப்பலில் வந்து இறங்கிய அரவிந்தர், போய்ச் சேரும்வரை 40 வருஷம் இங்கேயே இருந்துவிட்டார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.. ஒரு பகல்தான் கிடைக்கும் என்றால், அந்த ஒரு பகலில் முழு ஊரையும் கண்ணில் காட்டி அனுப்புவதுதானே மரியாதை!