அப்பாவுக்கு ஒரு கோல்ஃப் டூர்!

தமிழ் சினிமாவுல கோல்ஃப் யாரு ஆடுவாங்க? ஹீரோயினோட அப்பா. வெள்ளைத் தொப்பி, கையில ஸ்டிக், பக்கத்துல கோட்டு போட்ட பி.ஏ. 'உன் சம்பளம் எவ்வளவு?'ன்னு ஹீரோவைக் கேட்டுட்டு ஒரு அடி அடிப்பார். பந்து எங்கே போச்சுன்னு கேமராகூட பார்க்காது. அதனால போன வாரம் ஸ்காட்லாந்துல இருந்து என் ஜூனியர் ஒருத்தன் ராத்திரி பதினொரு மணிக்கு போன் போட்டு, "அண்ணா, கோல்ஃப் டூர் போகணும். சீனரி சூப்பரா இருக்கற மைதானமா ஒண்ணு சொல்லுங்க"ன்னதும், பயலுக்கு லாட்டரி அடிச்சிடுச்சுன்னுதான் நினைச்சேன்.

மேட்டர் வேற. பய டண்டீயில எம்.எஸ்சி. படிக்கிறான். வர்ற ஜூன்ல கான்வொகேஷன். அப்பா வர்றார். அந்த அப்பா, மலை ஊர் கிளப் ஒண்ணுல இருபத்தஞ்சு வருஷமா கேடி. (ஸ்டேஷன் போர்டுல போட்டோ தொங்குமே, அந்தக் கேடி இல்லை பாஸ்! ஆடறவங்களோட பையைத் தூக்கிட்டு கூடவே நடந்து, எந்த ஸ்டிக் எடுக்கணும், பந்து எந்தப் பக்கம் உருளும்னு சொல்றவர்.) வார லீவு நாள்ல மட்டும் கேடிங்க ஆடிக்கலாம். இரவல் ஸ்டிக், பொறுக்கின பந்து. சொந்தமா ஒரு பை வெச்சு, காசு கட்டி, முழு ஆட்டம் அவர் ஆடினதே இல்லை. "ஒரு தடவையாச்சும் அப்பா ஆடணும்ணா. பார்ட் டைம்ல கொஞ்சம் சேர்த்து வெச்சிருக்கேன்."

கூடவே ஒரு லிஸ்ட்டும் அனுப்பியிருந்தான். உலகின் அழகான பத்து மைதானங்கள்! முதல் பேரு பெப்பிள் பீச், கலிஃபோர்னியா. 1919-ல திறந்தது. அதோட ஏழாவது குழி போட்டோவைப் பார்த்தா யாருக்கும் வாய் பிளக்கும். நூத்திச் சொச்சம் கெஜம்தான் தூரம், ஆனா பாறை முனையில கடல் மேலயே நிக்கற மாதிரி இருக்கும். ஒரு ஆட்டத்துக்கு 600 டாலருக்கு மேல. முன்கூட்டியே இடம் பிடிக்கணும்னா அவங்க ஹோட்டல்லயே தங்கவும் செய்யணும். அடுத்த பேரு அகஸ்டா. அங்கே மெம்பர் கூப்பிட்டாதான் உள்ளேயே விடுவாங்க. அழிச்சுடு தம்பின்னேன்.

இந்த போட்டோ லிஸ்ட்டுங்க பொண்ணு பார்க்கப் போறப்ப காட்டற ஆல்பம் மாதிரி. நல்ல வெளிச்சத்துல, நல்ல கோணத்துல ஒரே ஒரு குழி. மிச்சம் பதினேழு குழி நாலு மணி நேரம் நடக்கணுமே, அதை யார் காட்டறது? இன்னொண்ணு, பெரிய பேருக்குப் பக்கத்துலேயே ஊருக்குச் சொந்தமான மைதானம் இருக்கான்னு பாருங்க. பெப்பிள் பீச்சுல இருந்து கொஞ்ச தூரத்துல பசிஃபிக் குரோவ்னு ஒரு நகராட்சி மைதானம். பெப்பிள் பீச்சை வடிவமைச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான ஜாக் நெவில்தான் இதோட பின்பாதி ஒன்பது குழியையும் போட்டார். அதே கடல், அதே காத்து, 1855-லேர்ந்து நிக்கற ஒரு லைட்ஹவுஸ். கட்டணம் பெப்பிள் பீச் கிட்டகூட வராது.

சரி, டண்டீயில இருக்கறவனுக்கு கலிஃபோர்னியா எதுக்கு? பாலத்தைத் தாண்டி பஸ்ல போனா முக்கால் மணி நேரத்துக்குள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ். கோல்ஃபோட தாய்வீடு. சொன்னதும் பய இழுத்தான். "போட்டோ பார்த்தேண்ணா. மரமே இல்லை. நம்ம ஊர் மேய்ச்சல் காடு மாதிரி இருக்கு."

அவன் மேல தப்பில்லை. 1946-ல சாம் ஸ்னீட் ரயில்ல வந்து இறங்கும்போது ஓல்டு கோர்ஸைப் பார்த்துட்டு, ஏதோ கைவிட்ட மைதானம்னு நினைச்சாராம். அந்த வாரமே அங்கே ஓப்பன் பட்டத்தை ஜெயிச்சார்! அமெரிக்காவோட பாபி ஜோன்ஸ் 1921-ல பாதி ஆட்டத்துல கடுப்பாகி ஆட்டத்தையே விட்டுட்டார். 1927-ல திரும்பி வந்து கப்பு வாங்கினார். 1958-ல அந்த ஊர் அவரை கௌரவக் குடிமகனாவே ஆக்கிடுச்சு. மேடும் பள்ளமுமா இருக்கற அந்தக் கடலோர மணல் நிலத்தை கால்ல உணர்ந்தாதான் பிடிக்கும். இருபத்தஞ்சு வருஷம் பார்வையாலயே சரிவு அளந்த மனுஷனுக்கு அதைவிட சீனரி வேணுமா?

எனக்கு அந்த இடம் பிடிச்சதுக்குக் காரணம் இன்னொண்ணு. அது யாரோ ஒரு கோடீஸ்வரனோட தோட்டம் இல்லை. 1552-லயே அங்கே விளையாட ஊர்க்காரங்களுக்கு உரிமை உண்டுன்னு ஆர்ச்பிஷப் எழுதிக் கொடுத்திருக்கார். 1797 வாக்குல கடன்ல மாட்டின ஊர் நிர்வாகம் நிலத்தை வித்துட்டு, அது முயல் வளர்க்கறவங்க கைக்குப் போச்சு. பந்து உருள வேண்டிய இடமெல்லாம் முயல் வளை! முயல்காரங்களுக்கும் கோல்ஃப்காரங்களுக்கும் வருஷக்கணக்கா சண்டை, கோர்ட்டு. 1821-ல கோல்ஃப் பிரியரான ஒரு நிலக்கிழார் வாங்கி மீட்டார். 1894-ல பார்லிமென்ட் சட்டத்தோட நிலம் திரும்ப ஊருக்கே வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை ஓல்டு கோர்ஸ்ல ஆட்டம் கிடையாது. போட்டி நாட்களைத் தவிர மத்த ஞாயிறெல்லாம் அது ஊர்ப் பூங்கா. நாயைக் கூட்டிட்டு வருவாங்க, குழந்தைங்க ஓடும். யாரும் டிக்கெட் கேட்க மாட்டாங்க. ஜூன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம். ஸ்வில்கன் பாலத்துல அப்பாவை நிறுத்தி போட்டோ எடுக்கலாம், செலவு பஸ் காசுதான்.

"ஆடறதுக்கு?"

ஓல்டு கோர்ஸ்ல சீசன் கட்டணம் தலைக்கு 300 பவுண்டுக்கு மேல. நம்ம காசுக்கு முப்பதாயிரத்தைத் தாண்டும். ரெண்டு நாள் முன்னாடி குலுக்கல்ல பேர் போடலாம், ஆனா ஹேண்டிகேப் சான்று கேட்பாங்க. அதாவது நீங்க எந்த அளவு ஆட்டக்காரர்னு சொல்ற எண். அப்பாகிட்ட அது இருக்கான்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்பா சொல்லிக் கொடுத்துதான் அந்த கிளப்புல பாதிப் பேருக்கு ஹேண்டிகேப்பே குறைஞ்சுதுண்ணா. அவருக்குக் கார்டு இல்லை."

எனக்கும் சுருக்னு இருந்துச்சு. ஆனா அதே ஊர் டிரஸ்ட் நடத்தற ஏழு மைதானம் இருக்கே! 1993-ல வந்த ஸ்ட்ராத்டைரம்ல பதினெட்டுக் குழி, கார்டு கேட்க மாட்டாங்க, கட்டணமும் ரொம்பக் கம்மி. ஒன்பது குழி போதும்னா பால்கோவ். அதுக்கும் முன்னாடி 'ஹிமாலயாஸ்'! ஓல்டு கோர்ஸ் பக்கத்துலேயே மேடும் பள்ளமுமா புட்டிங் மட்டும் ஆடற புல்வெளி. 1867-ல பெண்கள் ஆரம்பிச்ச கிளப். சில பவுண்டு கொடுத்தா ஸ்டிக்கும் பந்தும் அவங்களே தருவாங்க. அங்கே அப்பாவோட பந்தயம் மட்டும் கட்டாதேன்னு எச்சரிச்சேன்.

ஆக, ஞாயிறு சாயங்காலம் நடை, திங்கள் ஹிமாலயாஸ், செவ்வாய் ஸ்ட்ராத்டைரம். காத்துக்கு ஒரு ஜெர்கின் கட்டாயம். ஜூன்னாலும் அந்தக் கடல் குளிரும்.

மறுநாள் பய அப்பாகிட்ட சொல்லியிருக்கான். கடல், பாலம், முயல் கதை எல்லாத்தையும் கேட்டுட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்கே கேடிக்கு என்னடா கொடுக்கறாங்க?" ரெண்டாவது, "நாம ஆடும்போது பையை யாரு தூக்கறது?"

"நான்தான்பா."

"நீயா? ஸ்டிக்கு சத்தம் கேட்காம நடக்கணும். நான் அடிக்கும்போது உன் நிழல் பந்து மேல விழக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."