முன்மாதிரியை நொறுக்கலாமா?



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் 'முன்மாதிரி' எனும் சொல்லைக் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொன்னேன். ஏறத்தாழ எல்லாருமே, நல்ல மாணவன் மற்றவர்களுக்கு முன்மாதிரியாகத் திகழ்வான் என்றே எழுதியிருந்தனர். (குறை சொல்வதற்கில்லை; அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்!) ஒரு மாணவன் மட்டும், "அமெரிக்காவில் முன்மாதிரி மகிழுந்துகளை நொறுக்கினார்கள்" என்று எழுதியிருந்தான். போற்றிப் பின்பற்ற வேண்டியதை யாராவது நொறுக்குவார்களா? பொருட்பிழை எனச் சிவப்பு மையால் கோடிட்டேன். மறுநாள் மகிழுந்துப் படநூல் ஒன்றை என் மேசைமீது வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றான்.

மகிழுந்து ஓட்டத் தெரியுமே தவிர, அதன் வரலாற்றில் எனக்கு நாட்டம் இருந்ததில்லை. அந்த நூலுக்குப் பிறகு சில வாரங்கள் தேடித் தேடிப் படித்தேன். பிழை அவனுடையதன்று, என்னுடையது.

நம் மொழியில் 'முன்மாதிரி' என்ற சொல் இரு பொருள்களைச் சுமக்கிறது. ஒன்று, குறையற்றது, பின்பற்றத்தக்கது. மற்றொன்று, இறுதிப் பொருளைச் செய்யும் முன்னர்ச் சோதித்துப் பார்ப்பதற்காகச் செய்வது. இரண்டாவதன் இயல்பே குறையுடன் இருப்பதுதான். நம் வகுப்பறைகளில் முதற்பொருள் மட்டுமே வாழ்கிறது என்பது என் கருத்து.

இரண்டாம் பொருளுக்கு அமெரிக்காவைப் போல் விரிவாக இடம் கொடுத்த நாடுகள் குறைவு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், 1938இல் பியூக் ஒய்-ஜாப் என்னும் மகிழுந்தை உருவாக்கினார். விற்பதற்காக அன்று, எதிர்கால வடிவங்களை முயன்று பார்ப்பதற்காக. செய்தது ஒன்றே ஒன்று. மூடித் திறக்கும் முகப்பு விளக்குகளும் மின்விசையால் இயங்கும் சன்னல்களும் அதில் இருந்தன. உலகின் முதல் கருத்துரு மகிழுந்து எனப் பலரும் அதையே குறிப்பிடுகின்றனர். ஏர்ல் அதைக் கண்காட்சிப் பொருளாகப் பூட்டி வைக்காமல் தாமே பல ஆண்டுகள் ஓட்டித் திரிந்தார்.

அவரே 1953 சனவரியில், நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் நடந்த மோட்டோராமா கண்காட்சியில், இரண்டு இருக்கைகள் கொண்ட வெண்ணிற விளையாட்டு மகிழுந்து ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். அதுதான் செவர்லே கார்வெட். மக்கள் மயங்கினர். நிறுவனமும் மயங்கியது! ஆறு மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், அதே ஆண்டு சூன் 30ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் உற்பத்தி தொடங்கிவிட்டது. அவ்வாண்டில் 300 மகிழுந்துகள் கையால் பொருத்தப்பட்டன.

விளைவு என்ன? உடல் கண்ணாடியிழையால் ஆன அழகு. உள்ளே 150 குதிரைத்திறன் கொண்ட ஆறு உருளை இயந்திரமும், இரண்டே கியர்கள் கொண்ட தானியங்கி அமைப்பும். கதவுகளுக்கு வெளிப்புறப் பிடி இல்லை; ஏற்றி இறக்கும் கண்ணாடிச் சன்னலும் இல்லை. 1954இல் 3,640 செய்யப்பட்டு, அவற்றுள் பல விற்காமல் தேங்கின. 1955இல் வெறும் 700. முதல் வரைவையே இறுதிப் படியாக ஒப்படைத்த மாணவனின் கட்டுரையை நான் இங்கே காண்கிறேன்.

அந்த மோட்டோராமாவைப் பார்த்தவர்களுள் சோரா ஆர்கஸ்-டன்டோவ் என்ற பொறியாளரும் ஒருவர். பிரசெல்சில் ரஷ்ய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். வடிவத்தில் மனத்தைப் பறிகொடுத்த அவர், நிறுவனத்துக்கு மடல் எழுதி, 1953 மே மாதத்திலேயே அங்குப் பணியில் சேர்ந்தார். அதன் பிறகு நடந்தவைதான் என்னை வியக்க வைத்தவை.

1957 மார்ச்சில் அவருடைய கார்வெட் எஸ்எஸ் என்ற பந்தய முன்மாதிரி, புளோரிடாவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் களமிறங்கியது. 23 சுற்றுகளிலேயே பழுதாகி விலகியது. மெக்னீசிய உடலுக்குள் ஓட்டுநர் வெந்துபோகும் அளவுக்கு வெப்பம். அவ்வாண்டு சூன் மாதத்தில் அமெரிக்க மகிழுந்து உற்பத்தியாளர்கள் பந்தயத்திலிருந்து விலகுவதென முடிவெடுத்தனர். தோற்றுப்போன முயற்சி, அதோடு தடை வேறு. நம் மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்கு என்ன மதிப்பெண் கிடைக்கும்?

ஆனால் எஸ்எஸ்ஸிற்காகச் செய்த சோதனை வண்டியின் அடிச்சட்டம் எஞ்சியிருந்தது. ஏர்லுக்குப் பின் வடிவமைப்புத் தலைவரான பில் மிட்செல் அதைத் தாமே வாங்கி, அதன்மேல் புதிய உடல் ஒன்றைப் பொருத்தச் செய்தார். அதுவே 1959இன் ஸ்டிங்ரே பந்தய மகிழுந்து. செவர்லே என்ற பெயரைத் தாங்காமலே ஓடி, 1960இல் டிக் தாம்சன் என்ற ஓட்டுநருக்குத் தன் பிரிவில் தேசிய வாகையர் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. அதன் உடல்வடிவம்தான் 1963இல் விற்பனைக்கு வந்த புகழ்பெற்ற கார்வெட் ஸ்டிங் ரே ஆயிற்று. (அந்த 1963 வண்டியின் பின்கண்ணாடியை இரண்டாகப் பிளந்த நடுப்பட்டையை மிட்செல் விரும்பினார், பார்வையை மறைக்கிறது என டன்டோவ் எதிர்த்தார். அடுத்த ஆண்டே பட்டை நீங்கியது. எனக்கென்னவோ மிட்செல் பக்கம்தான் மனம் சாய்கிறது.)

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால், பின்னச்சுக்கு முன்னால் வைத்தால் எடை நடுப்பகுதியில் திரளும். வண்டி வளைவுகளில் விரைந்து திரும்பும். இவ்வமைப்பை டன்டோவ் 1960இல் செர்வ் 1 என்ற சோதனை வண்டியில் செய்து காட்டினார். 1964இல் செர்வ் 2. பின்னர் எக்ஸ்பி-882, ஏரோவெட் என்று முன்மாதிரிகள் தொடர்ந்தன. அவற்றுள் எதுவும் உற்பத்திக்கு வரவில்லை. 1975இல் ஓய்வு பெற்ற டன்டோவ் 1996இல் மறைந்தார். நடுவில் இயந்திரம் கொண்ட கார்வெட் 2019 சூலையில்தான் வெளியீடு கண்டது. முதல் வரைவுக்கும் இறுதிப் படிக்கும் இடையே 59 ஆண்டுகள்!

இனி, என் மாணவன் எழுதிய நொறுக்கலுக்கு வருகிறேன். 1955 மோட்டோராமாவில் பங்கேற்ற லாசால் 2 திறந்த மகிழுந்து உள்ளிட்ட நான்கு கனவு வண்டிகள், 1958இல் மிச்சிகனில் உள்ள வார்ஹூப்ஸ் பழைய இரும்புக் கிடங்கிற்கு அழிப்பதற்காக அனுப்பப்பட்டன. பணி முடிந்தது, இனி எதற்கு என்ற எண்ணம். சாலைக்கென்று செய்யப்படாத வண்டியை விற்கவும் இயலாது. வைத்திருக்க இடமும் வேண்டும். நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் கிடங்குக்காரருக்கு அவற்றை முற்றாக அழிக்க மனம் வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1988இல் ஜோ போர்ட்ஸ் என்ற சேகரிப்பாளர் அவற்றை மீட்டார். பிஸ்கேன் என்ற வண்டியின் உடல் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருந்தது. அதையும் ஒட்டி எழுப்பினர். லாசாலின் விலாவில் காணும் குழிவு 1956 கார்வெட்டின் விலாவிலும் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான், ஓர் எண்ணம் எங்கே பிறந்து எங்கே குடியேறியது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. முன்னதை அழித்துவிட்டால் பின்னது வானத்திலிருந்து விழுந்தது போலத் தோன்றும்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்படும் வரை, ஆண்டுதோறும் மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்ய வைத்தவர்களுள் நானும் ஒருவன். ஆண்டிறுதியில் வரைவுத் தாள்களைக் கட்டிப் பழைய தாள் வண்டிக்குப் போட்டிருக்கிறேன். அடித்துத் திருத்திய பக்கங்களைக் கிழித்துவிட்டு, 'அழகாக' எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளை எங்கே தடுமாறி, எப்படி எழுந்தது என்று காட்டும் சான்று அவைதாம் அல்லவா? அவற்றுள் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை.

இவ்வாண்டு முதல் வரைவேடு தனியாக, மதிப்பெண் இன்றி இருக்கும் என்று பெற்றோர் சந்திப்பில் சொன்னேன். அடித்தல் திருத்தலைப் பார்த்தால் பிள்ளைக்கு ஊக்கம் குறையாதா என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. சில பிள்ளைகளுக்குக் குறையலாம். அவர்கள் விரும்பாவிட்டால் வரைவேட்டைப் பிறருக்குக் காட்டமாட்டேன். ஆனால் கிழிக்கவும் விடமாட்டேன் என்றேன். அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

படநூலைக் கொடுத்த மாணவனின் ஏட்டைத் திரும்ப வாங்கினேன். சிவப்பு மையை அழிக்க வழியில்லை. கோட்டின் அருகில் 'சரி' எனக் குறியிட்டுக் கையொப்பமிட்டேன். அவன் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஐயா, எல்லாத்தையும் நொறுக்கலையே, 'சில' என்று சேர்க்கட்டுமா?" என்றான்.