சம்பா விதைப்புக்கு முன்பே கடல் வெப்பநிலை சார்ந்த பருவ முன்கணிப்பு வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கடைமடை விவசாயிகள் சங்கம்,
திருவாரூர் – நாகப்பட்டினம் மாவட்டங்கள்.

பெறுநர்:
வேளாண்மை உற்பத்தி ஆணையர் மற்றும் அரசுச் செயலாளர் அவர்கள்,
வேளாண்மை – உழவர் நலத்துறை,
தமிழ்நாடு அரசு, சென்னை.

நகல்: தலைவர், மண்டல வானிலை ஆய்வு மையம், சென்னை, மாவட்ட ஆட்சியர்கள், திருவாரூர் மற்றும் நாகப்பட்டினம், தலைமைப் பொறியாளர், நீர்வளத்துறை, திருச்சிராப்பள்ளி.

பொருள்: மேட்டூர் நீர் இருப்பையும் வடகிழக்குப் பருவமழை வாய்ப்பையும் ஒன்றாகக் கணித்து, டெல்டா மாவட்டங்களுக்கென ஒரே அறிக்கையாக ஆகஸ்டு 15க்குள் வெளியிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் நெல் சாகுபடி செய்யும் நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத்தில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும் சி.ஆர். 1009 விதைப்பதா, 135 நாளில் அறுவடைக்கு வரும் மத்திய கால ரகத்துக்காகப் புரட்டாசி வரை பொறுப்பதா? நாற்றங்கால் விடுவதா, புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு மழையை எதிர்பார்ப்பதா? விதை, உழவு, கூலி, கூட்டுறவுச் சங்கக் கடன் எல்லாம் இந்த முடிவைப் பொறுத்தவை. வடகிழக்குப் பருவமழை பற்றிய அதிகாரபூர்வ முன்கணிப்போ அக்டோபர் பிறக்கும் நேரத்தில்தான் வெளியாகிறது. அது எங்கள் கைக்கு வரும்போது ஆகஸ்டில் விதைத்த பயிருக்கு ஒன்றரை மாத வயது ஆகியிருக்கும்.

ஆகஸ்டிலேயே சொல்லக்கூடிய செய்தி கடலில் இருக்கிறது என்பதுதான் இந்த மனுவின் அடிப்படை. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியில், நிலநடுக்கோட்டை ஒட்டிய மேல்மட்ட நீர் இயல்பைவிட 0.5 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறிப் பல மாதங்கள் அப்படியே நீடித்தால் அது எல் நினோ. அதே அளவு குளிர்ந்து நீடித்தால் லா நினா. மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில் இது எப்பக்கம் திரும்பும் என்று கணிப்பது உலகெங்கும் கடினம். ஆனால் ஜூலை, ஆகஸ்டு வந்துவிட்டால் அந்த ஆண்டின் போக்கு பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. எல் நினோ தன் உச்சத்தை எட்டுவது டிசம்பரை ஒட்டிய மாதங்களில்தான். எங்களுக்கு மழை வேண்டிய மாதங்களும் அவையே.

கடைமடை விவசாயிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நாங்கள் இரண்டு பருவமழைகளை நம்பிப் பயிர் வைக்கிறோம். குடகிலும் கர்நாடகத்தின் பிற நீர்ப்பிடிப்புகளிலும் தென்மேற்குப் பருவமழை பெய்தால்தான் மேட்டூருக்குத் தண்ணீர் வரும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை பெய்தால்தான் அந்தத் தண்ணீரால் தழைத்த பயிர் கதிர் வாங்கும். எல் நினோ ஆண்டுகளில் பசிபிக்கின் மேகத்திரள் கிழக்கே நகர்ந்து, இந்தோனேசியத் தீவுகளின் மேல் காற்று கீழிறங்குகிறது. தென்மேற்குப் பருவமழை பல சமயம் தளர்ந்துபோகிறது. அதே எல் நினோ, ஐப்பசி பிறந்ததும் வங்கக் கடலிலிருந்து நம் கரைக்கு ஈரத்தைக் கொண்டுவரும் கொண்டல் காற்றுக்கு வலுச் சேர்க்கிறது. லா நினாவில் பெரும்பாலும் இது தலைகீழ். ஆற்றுநீரைக் குறைக்கும் கடலே மழையைக் கூட்டுகிறது. ஆற்றை நிரப்பும் கடலே மழையைக் குறைக்கிறது. இந்த இரண்டையும் வெவ்வேறு துறைகள், வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு தாள்களில் சொல்கின்றன. ஒன்றாக வைத்துப் பார்க்கும் வேலை, அதற்கான கருவி எதுவும் இல்லாத விவசாயியின் தலையில் விழுகிறது.

2023ஆம் ஆண்டைச் சான்றாகக் காட்டுகிறோம். அவ்வாண்டு ஜூன் 12 அன்று வழக்கப்படி மேட்டூர் திறக்கப்பட்டது. எல் நினோ வளர்ந்துகொண்டிருந்தது. 1901ஆம் ஆண்டு முதல் உள்ள பதிவுகளில் நாட்டுக்கே மிக வறண்ட ஆகஸ்டாக அந்த ஆகஸ்டு அமைந்தது. கடைமடையில் குறுவை கருகியது. அக்டோபர் 10 அன்று அணை மூடப்பட்டது. ஆற்றை நம்பிச் சம்பாவுக்கு நாற்று விட்டவர்கள் திகைத்து நின்றார்கள். எல் நினோ ஆண்டு என்பது ஜூலையிலேயே தெரிந்திருந்தது. ஆறு கைவிடலாம், பின்பருவ மழைக்கு வாய்ப்பு உண்டு, ஆகவே நீண்ட காலப் பயிரைத் தவிர்த்து மழைக்கு ஏற்ற பட்டத்தில் குறைந்த நாள் பயிர் வையுங்கள் என்ற ஒரு வரி அப்போது எங்களுக்குக் கிடைத்திருந்தால், பலரது கடன் சுமை குறைந்திருக்கும்.

பசிபிக்கை மட்டும் பார்த்தாலும் போதாது. 1999இல் சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், யமகட்டா ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, நம் பக்கத்துக் கடலுக்கும் இப்படியொரு ஊசலாட்டம் உண்டு என்று உலகம் அறிந்தது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப்புறம் சூடேறிச் சுமத்ராப் பக்கம் குளிர்ந்தால் நேர் இருமுனை நிலை. மாறாக நடந்தால் எதிர் இருமுனை நிலை. இது செப்டம்பர் முதல் நவம்பர் வரை உச்சத்தில் இருக்கும். 2016இல் வலுவான எதிர் இருமுனை நிலையும் மெலிந்த லா நினாவும் ஒருசேர வந்தன. ஈரமும் மேகமும் சுமத்ராவின் பக்கமே தங்கின. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அவ்வாண்டு மேட்டூரும் தாமதமாக, செப்டம்பர் 20 அன்றுதான் திறக்கப்பட்டது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்தப் பருவத்தில் இந்த மண்ணில் எத்தனை குடும்பங்கள் தலைவனை இழந்தன என்பதை இந்த மனுவில் எழுத எங்களுக்குக் கை வரவில்லை. இருமுனை நிலையின் திசை அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே அளவீடுகளில் தெரிந்திருந்தது.

கடல் ஒன்றைச் சொன்னால் மழை அப்படியே நடக்கும் என்று நாங்கள் வாதிடவில்லை. 2015இல் வலுவான எல் நினோவோடு பருவமழை 50 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாகப் பெய்து, சென்னை மூழ்கியது; கணக்கு பொருந்தியது. 2010உம் 2021உம் லா நினா ஆண்டுகள். அவற்றில் மழை குறைந்திருக்க வேண்டும். இரண்டிலும் இயல்பைவிட மிகுதியாகப் பெய்தது. 2021இல் கூடுதல் ஏறத்தாழ 60 விழுக்காடு. எனவே கடல் வெப்பநிலை தருவது வாய்ப்பின் அளவை மட்டுமே. அந்த அளவை அப்படியே சொல்லுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்றால் அறுபது என்று சொல்லுங்கள். வட்டிக்கு வாங்கி விதைக்கிற விவசாயிக்கு வாய்ப்புக் கணக்கு புதிதில்லை. “இயல்பை ஒட்டி இருக்கும்” என்ற ஒற்றைத் தொடரைக் கொண்டு அவன் எந்த ரகத்தையும் தேர்ந்தெடுக்க முடியாது.

இவற்றின் அடிப்படையில் எங்கள் முதன்மைக் கோரிக்கையை முன்வைக்கிறோம். ஆண்டுதோறும் ஆகஸ்டு 15க்குள், டெல்டா மாவட்டங்களுக்கென்றே ஒரு கூட்டறிக்கை வேண்டும். அன்றைய மேட்டூர் இருப்பு, காவிரி நீர்ப்பிடிப்பில் மீதமுள்ள தென்மேற்குப் பருவமழை வாய்ப்பு, பசிபிக்கின் நிலை, இருமுனை நிலை, வங்கக் கடலின் வெப்பம் ஆகிய ஐந்தையும் சேர்த்து எடைபோட்டு, அக்டோபர் – டிசம்பர் மழை குறைவு, இயல்பு, மிகுதி ஆகிய மூன்றில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று அது சொல்ல வேண்டும். செப்டம்பர் மத்தியில் ஒருமுறையும் அக்டோபர் தொடக்கத்தில் ஒருமுறையும் அதைத் திருத்தி வெளியிட வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பருவ முன்கணிப்பு தென் தீபகற்பத்தின் ஐந்து வானிலைப் பிரிவுகளைச் சேர்த்துப் பேசுகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாவட்டவாரியாகக் கணிக்கிறது. இரண்டும் மாறுபடும் ஆண்டில் எதைக் கொள்வது என்று சொல்ல எங்கள் ஊரில் ஆள் இல்லை. இரு நிறுவனத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து, கருத்து வேறுபட்டால் அந்த வேறுபாட்டையும் சேர்த்தே எழுதித் தரட்டும்.

அறிக்கை மழையின் மொத்த அளவோடு நின்றுவிடக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. பருவத்தின் மாநிலச் சராசரி ஏறத்தாழ இயல்பாகவே முடிந்தது. எங்களுக்குத் தெரிய வேண்டியது மழை நாட்களின் எண்ணிக்கை, இடையில் பத்து நாளுக்கு மேல் மழையில்லா இடைவெளி விழும் வாய்ப்பு, பொங்கலை ஒட்டி அறுவடைக் காலத்திலும் மழை நீளும் வாய்ப்பு ஆகியவை. 2021 ஜனவரியில் முற்றிய கதிர் வயலிலேயே முளைத்ததை இப்பகுதி மறக்கவில்லை. புயல் எந்த நாளில் எங்கே கரையேறும் என்று பருவ முன்கணிப்பால் சொல்ல இயலாது என்பதை நாங்கள் அறிவோம். அதைக் கேட்கவும் இல்லை.

கணிப்பின் கடந்த காலக் கணக்கையும் வெளியிட வேண்டும். இதே முறையில் கடந்த 30 ஆண்டுகளுக்குக் கணித்திருந்தால் டெல்டாவுக்கு எத்தனை முறை பொருந்தியிருக்கும் என்பதை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டும் அளவுக்கு எளிமையாகத் தாருங்கள். இந்தியப் பெருங்கடல் 1950க்குப் பிறகு தொடர்ந்து சூடேறி வருகிறது. பழைய தொடர்புகள் இன்றும் அப்படியே நிற்கின்றனவா என்பதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதித்தாக வேண்டும். பருவ முன்கணிப்பே பஞ்சத்திலிருந்து எழுந்தது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான் இந்நாட்டில் அது தொடங்கியது. 1904இல் இந்திய வானிலைத் துறையின் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், இந்திய மழையின் காரணம் தேடியபோதுதான் பசிபிக்குக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையிலான காற்றழுத்த ஊசலைக் கண்டறிந்தார். அந்த அறிவின் பயன் இந்த வயல்களுக்குக் காலத்தில் வந்து சேர வேண்டும் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு என்று கருதுகிறோம்.

அறிக்கை வந்தால் மட்டும் போதாது, அதன்படி துறைகளும் நகர வேண்டும். வேளாண் விரிவாக்க மையங்களில் நீண்ட கால ரகமும் குறுகிய கால ரகமும் ஆகஸ்டிலேயே இருப்பில் இருக்கட்டும். மழை மிகும் வாய்ப்புள்ள ஆண்டில் வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 விதை கூடுதலாக வரட்டும். அறிக்கையை நம்பி ரகம் மாற்றியவருக்குக் கூட்டுறவுக் கடனிலோ பயிர்க் காப்பீட்டிலோ தடை எழக் கூடாது. தூர்வாரும் பணி மேட்டூர் திறப்புக்கு முன் பாசன வாய்க்கால்களில் நடக்கிறது, அதை வரவேற்கிறோம். மழை மிகும் என்று கணிக்கப்பட்ட ஆண்டில் செப்டம்பரில் வடிகால்களுக்கென ஒரு சுற்று வேண்டும். அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு ஆகியவற்றில் வெங்காயத்தாமரை அடைத்துக் கிடந்தால், கடலின் ஏற்றத்தோடு மழைநீர் சேர்ந்து பத்து நாள் வயலிலேயே நிற்கும். மழை குறையும் என்று கணிக்கப்பட்ட ஆண்டிலோ, ஆற்றில் தண்ணீர் வரும்போதே கடைமடைக் குளங்களை நிரப்பிவிட வேண்டும். முறைப்பாசன அட்டவணையை இதற்கேற்ப முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

கடலை அளக்கும் கருவிகள் பற்றியும் ஒன்று கூற வேண்டும். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக் கடலில் மிதவைகளை நிறுத்தி நீரின் வெப்பத்தை மேலிருந்து ஆழம் வரை அளக்கிறது. இவற்றில் சில, மீன்பிடிப்பின்போது சேதமாகின்றன. அக்கரைப்பேட்டை, வேளாங்கண்ணிப் பகுதி மீனவப் பஞ்சாயத்தாரோடு எங்கள் சங்கத்துக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. மிதவை ஒன்று அறுந்தால் நம் இரு தரப்புக்கும் கணிப்பு கெடும் என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பை ஏற்க ஆயத்தமாக இருக்கிறோம். மீன்வளத்துறை இதற்கு ஒரு கூட்டம் ஏற்பாடு செய்து கொடுத்தால் போதும்.

நாடு முழுவதும் 2024இல் நிறுத்தப்பட்ட மாவட்ட வேளாண் வானிலை மையங்கள் தமிழ்நாட்டில் முழு ஆட்பலத்துடன் இயங்க மத்திய அரசை வலியுறுத்துமாறும் வேண்டுகிறோம். உழவன் செயலியில் எண்கள் வரும்; அந்த எண்ணை வைத்து “உங்கள் மேட்டு நிலத்துக்கு இது, பள்ள நிலத்துக்கு அது” என்று பிரித்துச் சொல்ல மனிதர் வேண்டும்.

இந்த ஆண்டே தொடங்கும் பொருட்டு, ஆடிப்பெருக்குக்கு முன் வேளாண்மை, நீர்வளம், வானிலை ஆகிய துறைகளின் அலுவலர்கள் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றைத் திருவாரூரில் கூட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் இதற்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை. தனிக் கூட்டமாகவே வேண்டும். எங்கள் தரப்பில் மேட்டு நிலம், பள்ள நிலம், ஆற்றுப் பாசனம், நேரடி விதைப்பு என ஒவ்வொரு வகைக்கும் இருவர் வீதம் வந்து, எந்தத் தேதிக்குள் எந்தச் செய்தி தேவை என்பதை எழுத்தில் தருவார்கள்.



இடம்: திருவாரூர்

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்