திறந்து பார்க்காமல் எழுதப்படும் இறப்புச் சான்றிதழ்



"மதர்போர்டு போய்விட்டது; புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்." எல்லைப்புற ஆய்வு மாணவர்கள் வாயிலாக நான் திரும்பத் திரும்பக் கேட்கும் தீர்ப்பு இது. கடைக்காரர் சொல்கிறார், நெறியாளர் வழிமொழிகிறார், மாணவர் தலையசைக்கிறார். மூவரில் ஒருவரும் அந்த மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார். சான்றைப் பாராமல் முடிவுரைக்கலாகாது என்று ஆய்வு நெறிமுறை வகுப்பில் முழங்கும் நாம், நம் மேசைமேல் கிடக்கும் கருவிக்கு மட்டும் அந்நெறியை விலக்கிவைக்கிறோம். அந்த விலக்கைக் கண்டிக்கவே இதை எழுதுகிறேன்.

என் ஊர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். என் களப்பணி இடுக்கி மாவட்டத்து மறையூரிலும் காந்தளூரிலும். இரண்டும் கேரளம்தான். ஆயினும் நான் பொள்ளாச்சி, உடுமலை வழியாகத் தமிழ்நாட்டைக் கடந்து, சின்னாற்றில் மீண்டும் கேரளத்துக்குள் ஏறுகிறேன். சென்ற மழைக்காலத்தில் மறையூரில் ஓர் இளம் ஆய்வாளரைச் சந்தித்தேன். தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத் தொழிலாளரின் பேச்சுவழக்கை ஆராய்கிறார். கோவையில் பழையதாக வாங்கிய அவருடைய மடிக்கணினி இரண்டு வாரமாகத் துவங்கவில்லை. கடையில் வழக்கமான தீர்ப்பு கிடைத்திருந்தது. அவர் சொன்னது இதுதான்: "அண்ணே, மெஷின் போனாப் போகுது. அந்தப் பாட்டியோட கொரலு உள்ள கெடக்கு."

அந்தப் பாட்டி கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பல மணி நேரம் பேசிப் பதிவு கொடுத்தவர். அடுத்த பருவத்துக்குள் இறந்துவிட்டார். வேறு பிரதி இல்லை. ஆகவே புதிய மடிக்கணினி வாங்குவது அவருடைய சிக்கலுக்குத் தீர்வே அன்று. நெறியாளரின் அறிவுரையில் இருந்த பிழை பணம் பற்றியது மட்டுமன்று. கருவியையும் தரவையும் ஒன்றெனக் கொண்ட பிழை அது.

"துவங்கவில்லை" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நிலைகள் அடங்கியுள்ளன. முதலாவது, பட்டனை அழுத்தினால் விளக்கே எரியாத நிலை. இங்கே ஐயம் சுவர்ச் செருகியிலும், சார்ஜரிலும், அதன் முனை நுழையும் துளையிலும் தொடங்க வேண்டும். சார்ஜரின் வோல்ட் அளவை ஒரு மல்டிமீட்டர் நொடியில் சொல்லிவிடும். இரண்டாவது, விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருண்டிருக்கும் நிலை. இங்கே ரேமையும் திரையையும் ஐயுற வேண்டும். வெளித்திரை ஒன்றை இணைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மூன்றாவது, நிறுவனச் சின்னம் தோன்றி அதற்குமேல் நகராத நிலை. இங்கே சேமிப்பு வட்டையோ, இயங்குதளத்தையோ, துவக்க அமைப்பையோ பார்க்க வேண்டும். மூன்றையும் ஒன்றாக்கி "மதர்போர்டு" என்று பெயரிடுவது, எல்லாக் காய்ச்சலையும் ஒரே காய்ச்சல் என்று சொல்வது போன்றது.

அவருடையது இரண்டாம் நிலை. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கிய மின்னூட்டத்தை வடியவிட்டோம். பயனில்லை. அடிமூடியைத் திறந்தோம். ரேமின் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கிக் கறுத்திருந்தன. மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும் சூழும் மலையில் லயத்து அறைச் சுவரே வியர்க்கும். உலோகம் மட்டும் தப்புமா? பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசி துடைத்து, மீண்டும் பொருத்தினோம். சின்னம் தோன்றியது.

ஆனால் அடுத்த வரி, துவக்க வட்டு இல்லை என்றது. கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கி நின்றது. அதுவே சான்று. மதர்போர்டில் பொத்தான் அளவில் ஒட்டியிருக்கும் 3 வோல்ட் சிஆர்2032 மின்கலம் தீர்ந்து, துவக்க அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. பெட்டிக்கடையிலும் கிடைக்கும் அந்த மின்கலத்தை மாற்றி, துவக்க முறையை முன்பிருந்தபடி அமைத்தோம். கணினி எழுந்தது. முதல் வேலையாகப் பாட்டியின் குரலை இரண்டு தனித்தனி வட்டுகளில் பிரதி எடுத்தோம். செலவு நூறு ரூபாயை எட்டவில்லை.

இதை வெற்றிக்கதையாக நான் சொல்லவில்லை. என் சொந்த மடிக்கணினி இடிமழை நாளொன்றில் செருகியபடியே கிடந்து உண்மையாகவே மாண்டது. இடி முழங்கும்போது மின்கருவிகளின் இணைப்பைத் துண்டிக்கும்படி பேரிடர் மேலாண்மைத் துறையினர் ஆண்டுதோறும் அறிவுறுத்துவதை நான் பொருட்படுத்தாததன் விளைவு அது. ஆயினும் அதன் வட்டைக் கழற்றி, யுஎஸ்பி உறையிலிட்டு வேறொரு கணினியில் இணைத்தபோது, நான்காண்டு உழைப்பு அப்படியே இருந்தது. இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. புதிய கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். மீட்புச் சாவியை முன்னரே எழுதி வைக்காதவர்க்கு அந்த வழியும் அடைபடும்.

மறுப்புகளை அறிவேன். "இது ஆய்வாளர் வேலையா?" என்பது முதலாவது. பழுதுபார்ப்பவரை நான் குறைத்துப் பேசவில்லை. நுண்ணோக்கியின் கீழ் சில்லு மாற்றும் கைகளுக்கு என் வணக்கம் உண்டு. உப்பிய பேட்டரியைத் தொடாதீர்கள், அழுத்தாதீர்கள், அதை அவர்களிடமே ஒப்படையுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். என் எதிர்ப்பு, ஆராயாமல் சொல்லப்படும் தீர்ப்புக்கே. கேரளப் பள்ளிகளில் 2018 முதல் இயங்கும் 'லிட்டில் கைட்ஸ்' அமைப்பில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வன்பொருள் பயிற்சி உண்டு. பதின்மூன்று வயதுக் குழந்தை கற்கத்தக்கது முனைவர் பட்ட மாணவருக்கு இழிவாகிவிடுமா?

"பழைய கணினி பாதுகாப்பற்றது" என்பது இரண்டாவது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது உண்மைதான். அதனால் சாவது ஓர் உரிம ஏற்பாடு, கணினி அன்று. கட்டற்ற மென்பொருளைக் கொண்டே தன் பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டிய மாநிலத்தில் இருந்துகொண்டு, லினக்ஸ் ஒன்றை நிறுவத் தயங்குவது நகைப்புக்குரியது.

"புதிது வாங்குவதே எளிது" என்பது மூன்றாவது. யாருக்கு எளிது? மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தேர்ச்சி இல்லாத ஆய்வாளருக்கு வழங்கப்படும் உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். நாற்பதாயிரம் ரூபாய்க் கருவி என்பது அவருக்கு ஐந்து மாத வாழ்க்கை. அத்தொகையும் இல்லாதவர்களே எல்லையோரத்தில் மிகுதி. உலகமோ 2022-இல் 6.2 கோடி டன் மின்கழிவைக் குவித்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. பிரான்சு 2021 முதல் மடிக்கணினிகளுக்கும் பழுதுநீக்க எளிமைக் குறியீட்டைக் கட்டாயமாக்கியது. நம் ஒன்றிய அரசு 2022-இல் பழுதுநீக்கும் உரிமை குறித்துக் குழு அமைத்து, அவ்வாண்டின் டிசம்பர் 24 அன்று அதற்கான இணையத்தளத்தையும் தொடங்கியது. உரிமை பற்றிப் பேச அரசே முன்வந்த பின்னும், அதைப் பயன்படுத்தும் அறிவைக் கற்பிக்கப் பல்கலைக்கழகம் முன்வரவில்லையெனில் அது வெற்றுரிமை.

எங்கள் எல்லைப்புறத்துக்கு இந்தத் தீர்ப்பின் தொனி புதிதன்று. சித்தூர் வட்டத்துத் தமிழையும் தேவிகுளத்துத் தமிழையும் "கலப்படம், கெட்டுப்போனது" என்று, ஒரு மணி நேரமும் காதுகொடுத்துக் கேளாமலே கருத்தரங்குகளில் ஒதுக்கியதை நான் கண்டிருக்கிறேன். திறந்து பாராமல் மதர்போர்டு போயிற்று என்பதும், கேட்டுப் பாராமல் மொழி கெட்டது என்பதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். அந்த மடிக்கணினியைத் தூக்கி எறிந்திருந்தால் இரண்டு தீர்ப்புகளும் ஒரே நாளில் நிறைவேறியிருக்கும். கெட்டுப்போனதாகச் சொல்லப்பட்ட மொழி, கெட்டுப்போனதாகச் சொல்லப்பட்ட கருவியோடு குப்பைக்குப் போயிருக்கும்.

என் கோரிக்கைகள் சிறியவை. ஒவ்வொரு துறையிலும் ஒரு நிலையடுக்கு: திருப்புளித் தொகுப்பு, மல்டிமீட்டர், வட்டு உறை, லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ், இரவல் சார்ஜர். முனைவர் பட்டப் பாடநெறியில் ஒரே ஒரு பிற்பகல்: கணினி துவங்காதபோது எந்த வரிசையில் ஐயுறுவது, தரவை எப்படி மீட்பது, எத்தனை பிரதி எடுப்பது. ஆய்வு, வெளியீட்டு அறம் குறித்த 2 கிரெடிட் பாடத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். பிறர் நம்பி ஒப்படைத்த குரலைத் தொலைக்காமல் காப்பதும் அறந்தான். இவ்வளவும் எல்லைப்புற மாணவருக்குத் தமிழில் ஒரு பக்கத் தாளாகக் கிடைக்க வேண்டும். அத்தாளை எழுதத் தொடங்கிவிட்டேன். திருத்தித் தர வல்லோர் முன்வருக.

அதுவரை, நெறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் மாணவர் துவங்காத மடிக்கணினியோடு வந்து நின்றால், "புதிது வாங்கு" என்று சொல்லுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "விளக்கு எரிகிறதா?"