காற்றுக்கு ஏற்ப இடம் மாறும் தேசி



சின்ன வளவில், அதுவும் கடற்கரை மணலில், தேசி காய்க்குமா என்று கேட்கிறவர்களுக்கு இம்முறை கற்பிட்டித் தீபகற்பத்திலுள்ள ஆலங்குடாவை வைத்துப் பதில் சொல்கிறேன். அந்தத் தீபகற்பத்துக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. இடையில் கிடக்கும் மணலில் வெங்காயம், மிளகாய், தென்னை எல்லாம் விளைகின்றன. அந்த மணலுக்கு அடியில் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது நன்னீர். இறைப்பு கூடினால் கிணறு உவர்க்கும். போட்ட பசளையும் மணலில் நிற்காது, அதே நீரில் போய்ச் சேரும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று; தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டிவிட்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தேசிக்கு உப்பு ஆகாது. மணலில் கலந்திருக்கும் சிப்பி ஓட்டின் சுண்ணாம்பும் ஆகாது. சுண்ணாம்பு மிகுந்தால் வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் தவிக்கும். நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இளம் இலை மஞ்சளாகும். அதனால் ஆலங்குடா போன்ற ஊரில் சாடியில் தேசி வைப்பதை, இடமில்லாதவர்கள் செய்யும் சமாளிப்பு என்று நான் நினைப்பதில்லை. மண்ணையும் நீரையும் உங்கள் கையில் வைத்திருக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

ஒன்றரை அடி அகலமும் அதே ஆழமும் உள்ள சீமெந்துச் சாடி போதும். அடியில் துளைகள் கட்டாயம். களப்புக்கு அப்பால் வண்ணாத்திவில்லுப் பக்கத்தில் நல்ல செம்மண் உண்டு. அதில் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு. புத்தளம் தென்னை மாவட்டம், தும்புச்சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தும்புச்சோற்றில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்த பிறகே கலவுங்கள். கன்று வாடிப்போனதாக வரும் முறைப்பாடுகளைக் கேட்கும்போது நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

அடுத்தது தண்ணீர். நாள்தோறும் ஒரு கோப்பை ஊற்றுவது அன்பான செயலாகத் தோன்றும். உவர்ப்புள்ள ஊரில் அந்தப் பழக்கம் சாடிக்குள் உப்பைச் சேர்த்துக்கொண்டே போகும். மேல்மண் காய்ந்ததும், அடித்துளையால் வழியும்வரை தாராளமாக ஊற்றுங்கள். சேர்ந்த உப்பும் கழுவிப் போகும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கூரையிலிருந்து விழும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்துவைத்தால் தேசிக்கு அதைவிட நல்ல நீர் கிடையாது.

மே மாதம் தென்மேற்குக் காற்று எழும்பும். பட்டச் சறுக்கு விளையாட வெளிநாட்டார் தேடி வருகிற அதே காற்று, உப்புத்துளியை அள்ளிவந்து தேசி இலையின் ஓரத்தைக் கருக்கும். நிலத்தில் நட்ட மரம் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். சாடியென்றால் வீட்டின் கிழக்குப் பக்கம் நகர்த்திவிடலாம், கிடுகு வேலியொன்று மறைத்தால் இன்னும் நல்லது. பிரான்சில் வெர்சாய் அரண்மனைத் தோட்டக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே தோடை மரங்களைப் பெட்டிகளில் வளர்த்து, குளிருக்கு உள்ளேயும் கோடைக்கு வெளியேயும் நகர்த்தி வருகிறார்கள். அவர்களுக்குக் குளிர், நமக்குக் காற்று.

ஆலங்குடா என்றதும் மரங்களைப் பற்றி இன்னொன்றும் மனதில் வந்து நிற்கும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000 பேருக்கு மேல். யாழ்ப்பாணத்தில் 30ஆம் திகதி கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்ப் பக்கத்தவர் பலர் கடல்வழியே கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். அப்படி வந்தவர்கள் ஆலங்குடா முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் குடிசைகளில் வாழ்ந்தார்கள். வளவும் கிணறும் முற்றத்து மரங்களும் ஊரிலேயே நின்றுவிட்டன. அந்த இழப்பை எந்தச் சாடியும் ஈடுசெய்யாது. ஆனால் எப்போது எழும்பச் சொல்வார்களோ என்று இருப்பவர்கள், ஐந்து வருடம் கழித்துக் காய்க்கும் மரத்தை நடுவதற்குத் தயங்குவார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. உறுதி இல்லாத நிலத்திலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்களுக்காகவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். மாறும் நாளில் சாடியை லொறியில் ஏற்றிக்கொள்ளலாம். அடுத்த வீட்டிலும் அது காய்க்கும். நோன்பு காலத்தில் சந்தையில் தேசிக்காய் விலை ஏறும்போது, கஞ்சிக்குப் பிழிய வீட்டுக் காய் இருப்பது பெரிய ஆறுதல்.

விதைக் கன்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். காய்த்த மரத்தில் பதிவைத்து எடுத்த கன்று ஓரிரு வருடத்தில் பூக்கும். அது பெரிதாக வளர்வதுமில்லை, ஆண்டுக்கொரு முறை கிளை கழித்தால் நெஞ்சுயரத்தில் நிற்கும். பறவை எச்சம் போன்ற புழு தளிரில் தென்பட்டால், வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு அது. மருந்து அடிக்காமல் பொறுக்கி எடுங்கள்.

பதிவைக்க மழைக்காலம் ஏற்றது. பென்சில் பருமனான கிளை, ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டை நீக்கம், ஈரத் தும்புச்சோறு, சுற்றிக்கட்டப் பொலித்தீன். ஒன்றரை இரண்டு மாதத்தில் வேர் விடும். உங்கள் வீட்டில் நல்ல தேசி நின்றால், இரண்டு பதி கூடுதலாக வையுங்கள். வளவில்லாத அயலவருக்கு ஒன்று கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்