பள்ளிக்கூடம் திறந்தது, பிள்ளையின் வாய் திறக்கவில்லை



கொரோனா காலத்து ஆன்லைன் படிப்பு பழங்கதை, அதை ஏன் இப்போது கிளறுகிறீர்கள் என்று நம் சங்கக் கூட்டத்திலேயே சிலர் கேட்டார்கள். 2021 நவம்பர் 1-ல் கேரளப் பள்ளிகள் திறந்தன, உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய பதினேழு மாதம் நம் பிள்ளைகளின் மனத்தில் உண்டாக்கிய காயம் ஆறிவிட்டதா?

நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 1-ல் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபர்ஸ்ட் பெல்' பாடங்கள் தொடங்கின. அன்றே மலப்புறம் மாவட்டத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் மகள், ஒன்பதாம் வகுப்பு மாணவி, உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டில் டி.வி. பழுது, ஸ்மார்ட் போன் இல்லை. இப்படி வசதியற்ற மாணவர் மாநிலத்தில் சுமார் 2.6 லட்சம் பேர் என்று அரசின் கணக்கே சொல்லிற்று. பின்னர் நன்கொடையாக டி.வி.கள் வந்தன, காவல்துறை 'சிரி' என்ற தொலைபேசி உதவியைத் தொடங்கியது. அரசு கைகட்டி நின்றது என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஆனால் நம் பிள்ளைகளின் கதை வேறு. தமிழ் வழிப் பாடங்கள் பாலக்காட்டிலிருந்து யூடியூப் வழியாக வந்தன. அதாவது, மலையாளப் பிள்ளைக்கு டி.வி. போதும்; தமிழ்ப் பிள்ளைக்குப் போனும் வேண்டும், ரீசார்ஜும் வேண்டும். தம்பானூரைச் சுற்றியுள்ள நம்மவர் வீடுகளில் போன் ஒன்றுதான். அது காலையிலேயே அப்பாவோடு சாலைக் கம்போளத்துக்கு மூட்டை தூக்கப் போய்விடும். இரவு திரும்பியதும் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை. "எந்நேரமும் போன்தானா?" என்று அம்மா முதுகில் ஒன்று வைப்பார்.

இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தோழர் ஒருவரின் மகள் மலையாள வழியில் படித்தவள். மறு ஆண்டு நேரடி வகுப்பு வந்தபோது, வீட்டின் தகரச் சுவர் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று அவள் கேமராவைத் திறக்கவே இல்லை. நெட் இல்லை என்று டீச்சரிடம் பொய் சொன்னாள். பள்ளி திறந்த பிறகும் வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை. "பிள்ளை ரொம்ப அடக்கமாகிவிட்டது" என்று தகப்பனார் எங்களிடம் பெருமையாகச் சொன்னார். அடக்கமா அது?

எங்கள் குறையையும் ஒப்புக்கொள்கிறோம். அன்று பழைய போன்களைத் திரட்டிக் கொடுத்தோம். கொடுப்பதைப் படமும் எடுத்துக்கொண்டோம். எப்படி இருக்கிறாய் என்று ஒரு பிள்ளையிடமும் கேட்கவில்லை.

இன்றும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது, அதுவும் மலையாளத்தில். தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' தெருவுக்கே தன்னார்வலரை அனுப்பியது. எல்லை தாண்டிப் பிழைக்க வந்தவன் பிள்ளைக்கு அது எட்டவில்லை. தமிழ் தெரிந்த ஆலோசகர்களை நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் அமர்த்த வேண்டும், வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதி அனுப்ப வேண்டும் என்று கேரள அரசிடம் மனுக் கொடுக்க இருக்கிறோம். கையொப்பம் இட ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வாருங்கள்.

பிள்ளை தூங்காமல், உண்ணாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் தயவுசெய்து அடிக்காதீர்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். போனில் பேசக் கூச்சப்படுவோர் மாலையில் எங்கள் டியூட்டி முடிந்ததும் சங்க அறைக்கு வரலாம்; பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.