இரண்டு நிலா இருந்தால் தப்பில்லை... ஒரு நிலாவை நகர்த்தினால்? கற்பனை நிலக்காட்சிப் படங்களில் எது கலை, எது ஏமாற்று?

மேகங்களுக்கு நடுவே மிதக்கும் மலை. அதன் விளிம்பிலிருந்து கொட்டும் அருவி. ஊதா வானத்தில் இரண்டு நிலா. இப்படி ஒரு படம் செல்போனில் வந்தால் ‘இது எந்த ஊர்?’ என்று யாரும் கேட்பதில்லை. அதே படத்தில் ஒரு நிலாவை நீக்கி, மலையைத் தரையில் இறக்கிவைத்தால்? உடனே டிக்கெட் விலை தேடுகிறவர்கள் உண்டு. சிக்கலே அங்கேதான்.

எப்படி உருவாக்குகிறார்கள்?

பாறை ஓரிடத்தில் எடுத்தது, அருவி வேறிடத்தில், வானம் இன்னொரு நாள். போட்டோஷாப்பில் இவை தனித்தனி ‘லேயர்’களாக, கண்ணாடித் தாள்களை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். வேண்டாத பகுதியை ‘மாஸ்க்’ போட்டு மறைக்கலாம்.

வெட்டுவது சுலபம், பொருத்துவதுதான் கஷ்டம். வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிரே நிழல் விழ வேண்டும். எல்லாப் படங்களிலும் தொடுவானம் ஒரே மட்டத்தில் பொருந்த வேண்டும். தூரத்து மலை கொஞ்சம் வெளிறி, நீலம் பூத்துத் தெரிய வேண்டும். ஒன்று பிசகினாலும், காரணம் சொல்லத் தெரியாதவருக்குக்கூட ‘ஏதோ இடிக்குதே’ என்று தோன்றிவிடும்.

இது புதுசா?

இல்லவே இல்லை. 1850-களின் நெகட்டிவ்களில் கடலைச் சரியாகப் பதிவுசெய்தால் வானம் வெளுத்துப்போகும். அதனால் பிரான்ஸின் குஸ்தாவ் லெ க்ரே, கடலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். அமெரிக்காவின் ஜெர்ரி உல்ஸ்மேன், கம்ப்யூட்டரே இல்லாமல், இருட்டறையில் பல என்லார்ஜர்களை வைத்து மிதக்கும் மரங்களை உருவாக்கினார். போட்டோஷாப் விற்பனைக்கு வந்தது 1990-ல். 2020-ல் வானத்தை மாற்றவே அதில் தனி வசதி வந்தது. நாள்கணக்கில் செய்த வேலை, இப்போது சில கிளிக்கில் முடிகிறது.

அப்படியானால் எது தப்பு?

பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் அரண்மனையும் மலையும் வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். யாரும் ஏமாறவில்லை. அது திரை என்று எல்லோருக்கும் தெரியும். கற்பனை நிலக்காட்சியும் அப்படித்தான். அது பொய் சொல்வதில்லை, கதை சொல்கிறது.

1982 பிப்ரவரி ‘நேஷனல் ஜியாகிரபிக்’ அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கீசா பிரமிடுகளின் அகலமான படம் செங்குத்தான அட்டையில் அடங்க, பிரமிடுகளைக் கொஞ்சம் நெருக்கிவைத்தார்கள். மாற்றம் சின்னதுதான். ஆனாலும் கடும் விமர்சனம் வந்தது. காரணம், அந்தப் பத்திரிகையை வாசகர்கள் நம்பினார்கள்.

ஆக, எவ்வளவு மாற்றினார்கள் என்பதல்ல கேள்வி. என்ன சொல்லிக் காட்டினார்கள் என்பதுதான். பாலியின் லெம்புயாங் கோயில் வாசல், இன்ஸ்டாகிராமில் ஏரியில் பிரதிபலிப்பதுபோலத் தெரியும். அங்கே ஏரியே கிடையாது. கேமராவுக்கு அடியில் பிடிக்கும் சின்னக் கண்ணாடியின் வித்தை அது. அதற்குக் கம்ப்யூட்டர்கூடத் தேவைப்படவில்லை. ஆனால், ஏரியை நம்பிப் போனவருக்கு ஏமாற்றம் ஏமாற்றம்தான்.

பணத்தைவிடப் பெரிய இழப்பும் இருக்கிறது. அழகான பொய்கள் பெருகினால், வற்றிய ஏரியையோ எரியும் காட்டையோ உண்மையாகவே படமெடுத்து வருபவரிடமும் ‘எடிட் பண்ணினதுதானே?’ என்று கேட்பார்கள். நிலத்தின் சேதத்துக்குச் சாட்சியே இல்லாமல் போகும்.

தீர்வு தடை அல்ல. ‘பல படங்களை இணைத்து உருவாக்கியது’ என்று படத்தின் கீழே ஒரு வரி போதும். சுற்றுலா விளம்பரங்களுக்கு அதைக் கட்டாயமாக்கலாம். கலைஞருக்கு அதனால் நஷ்டமில்லை; சொல்லப்போனால், அவர் உழைப்புக்கு அதுவே கையெழுத்து. ஒளிக்க வேண்டிய அவசியம், விற்க நினைப்பவருக்கு மட்டும்தான்.